கரியைக் குளிப்பாட்டியவர்

“கரியக் கழுவுறதுக்கு ஒரு பட்டம், அதுக்கு வடக்க ஒரு வேலை. கேக்கவே கூச்சமா இருக்கு தாயி” என்றார் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை மிதித்தவள் நான். எனக்குக் கூச்சம் வரவில்லை. ஊரே ‘கரிக்கழுவி’ என்று கூப்பிட்டவரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எப்படி வரும்?

குடிக்கத் தண்ணீர் இல்லாத அருப்புக்கோட்டையில் நிலக்கரியைக் குளிப்பாட்டியவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். சாயப்பட்டறைக் கொதிகலனுக்கு நெருப்புப் போடுவது அவர் வேலை. ரயிலில் வரும் கரியில் பாதி கல். எரித்தால் சாம்பல் பறந்து, நாங்கள் நெசவுக்காகத் தெருவில் நீட்டிக் கட்டும் வெள்ளை நூல் பாவில் புள்ளி புள்ளியாக விழும். வரிசையாகப் பாவு கெட்டதும், இன்னொன்று கெட்டால் நூல் கிடையாது என்று சொல்லிவிட்டார், நெய்ய நூல் தரும் நூல்காரர். நூல் நின்றால் அப்பா கூலிக்கு. நான் பள்ளிக்கூடத்தை விட்டு யார் வீட்டிலாவது தறிக்குத் தார் நூல் சுற்ற.

அம்மா பட்டறைக்கே சண்டைக்குப் போனாள். “அரிசில கல்லு கெடந்தா அரிச்சுட்டுத்தான் உலையில போடுறோம். நீங்க என்னடான்னா அப்பிடியே அள்ளிப் போடுறீக.”

 மறுநாள் அவர் கரியை ஒரு கூடையில் போட்டு அரிக்கத் தொடங்கிவிட்டார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? சாயம் முக்கி மிஞ்சிய தண்ணீர்தான். கரி ஒருநாள் சிவப்பு, ஒருநாள் பச்சை.

“இன்னிக்கி என்ன கலரு அண்ணாச்சி?” என்று கேட்பாள் தெருவில் போகிறவள்.

“மாம்பழ மஞ்ச. ரவிக்கைக்கு எடுத்துக்கிறியா?”

முதல்நாள் ஈரத்தோடு கொதிகலனுக்குள் போட்டார். தெருவே புகையில் காணாமல் போனது. அதன்பின் ரோட்டில் காயப்போட்டார். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் கத்தினார்: “யோவ், பஸ்ஸு போற ரோடுய்யா.”

“காயட்டும்யா. பாளையம்பட்டிக்கு நடந்தும் போகலாம்.”

கூடை போதாமல், பட்டறை முதலாளி வீட்டுக் கல்யாண அண்டாவைத் தூக்கி வந்தார். முதலாளி குதித்தார். கரி மிச்சமாவதைப் பார்த்ததும் அவரே சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளைப் பாவை நீட்டிய காலையில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அப்பா ஒரு பக்கமும் கரிக்கழுவி மறுபக்கமுமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்கள். தெருக்கோடியில் நிமிர்ந்தார்கள்.

“புள்ளி?”

“இல்ல அண்ணாச்சி.”

“பெறகென்ன, பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க.”

இப்போது வடக்கே மின்சார நிலையங்களுக்குப் போகும் கரியைக் கழுவப் புதிது புதிதாக ஆலை கட்டுகிறார்கள். அதில் ஒன்றில், கழுவிய கரியில் எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்று சோதிக்கும் வேலை எனக்கு. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த கரிக்கழுவி கேட்டார், “அங்க தொட்டி எம்புட்டுப் பெருசு?”

“நம்ம தெரு அகலம் இருக்குமாம்.”

“தண்ணி என்ன கலரு?”

கரி எஞ்சின் ஊதியதும் பெட்டிக்குள் ஏறி, என் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். “கழுவாத கரி ஓட்டுறான் தாயி. புதுச்சேலைல புள்ளி விழும்.”

சித்திரை வெயில். வேர்த்துக் கொட்டியது. எதிரில் இருந்தவர்கள் முறைத்தார்கள். மானாமதுரையில் இறங்கி வண்டி மாறும்வரை நான் அந்த ஜன்னலைத் திறக்கவில்லை.