லாபம், ரெண்டு, மூண்டு

நெல்லைச் சேற்றில் விளைவிப்பவர்கள் ஓர் இனம். அதையே தாளில் விளைவிப்பவர்கள் இன்னோர் இனம். முன்னவருக்கு மழை வேண்டும், மாடு வேண்டும், வெள்ளம் வராமலும் இருக்க வேண்டும். பின்னவருக்கு உட்கார ஒரு கதிரையும் கூரான பென்சிலும் போதும். இவரை அரசாங்கக் கச்சேரிப் பக்கம் மட்டும் தேடாதீர்கள். கலியாண வீட்டில் பந்தி தொடங்குமுன்பே 'சராசரியாக ஆளுக்கு ஒன்றேகால் அகப்பை' என்று கறிக்குக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசிப் பந்திக்கு வெறும் சொதியை ஊற்ற வைப்பாரே ஒருவர், அவரும் இவருக்குச் சொந்தம்தான். பெயர் வேண்டுமென்றால் சராசரியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு அகப்பட்ட சராசரியார் புளியந்தீவு நல்லரத்தினம். இரண்டாம் உலக யுத்த காலம். கப்பலில் வரும் அரிசி நின்றுபோய், விவசாயிகளிடம் மிச்சமாகும் நெல்லை அரசாங்கம் எடுத்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. எந்த வயல்வட்டையில் எவ்வளவு மிச்சம் என்று கணித்துச் சொல்வது அவருடைய உத்தியோகம்.

நல்ல மனுஷன். பொய் சொல்ல மாட்டார், லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார். 'மற்றதெல்லாம் இருந்தபடி இருந்தால்' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அவரால் விட முடியாது. மற்றதெல்லாம் இருந்தபடி இருந்தால் ஏக்கருக்கு இவ்வளவு விளையும்; மற்றதெல்லாம் இருந்தபடி இருந்தால் வயிற்றுக்கு இவ்வளவு போதும். மற்றது என்றைக்காவது இருந்தபடி இருந்திருக்கிறதா? அந்தக் கேள்வி அவர் படித்த புத்தகத்தில் இல்லை. சராசரிக் குடும்பத்தில் ஐந்தேகால் பேர் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். "அந்தக் கால் ஆள் ஆரு?" என்று கேட்டாள் மனைவி பீற்றிஸ். பக்கத்தில் இருந்த மாமியார் அன்றிலிருந்து மருமகனோடு பேசுவதில்லை.

எந்த வயலைப் பார்ப்பது என்பதை எழுந்தமானமாக, கை போன போக்கில், தெரிவு செய்வார். எழுந்தமானம் என்று பெயரே தவிர, மாட்டு வண்டியை விட்டு அவர் எழுந்தது குறைவு. கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் பென்சிலால் குத்துவார். அது சேற்றுப் பள்ளத்தில் விழுந்தால், "சே, கை நடுங்கிட்டு" என்று மறுபடியும் குத்துவார். ரோட்டோரமாய், நிழலோடு, ஒரு மேட்டுக் காணி அகப்படும் வரை அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் பென்சில் விழுந்த இடம் கிரான் பக்கம். அங்கே சூடடித்து முடிந்த நெற்களத்தில், அந்தப் பக்கத்துப் பேச்சில் களவெட்டியில், ஓட்டமாவடி அசனார் நெல் அளக்கத் தொடங்கினார். மார்கழி வெள்ளம் பள்ளக் காணியைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மேட்டில் விளைந்ததிலும் காணிக்காரப் போடியாரின் பங்கு போய், மாட்டுக் கூலி போய், நாலு சாக்குத் தேறும். அது வாய்க்கு அல்ல, அடுத்த மாரிக்கு விதைநெல். அதுவும் போனால் அசனாருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

"லாபம்!" என்று முதல் மரைக்காலைக் கொட்டினார் அசனார். "ரெண்டு... மூண்டு..."

நல்லரத்தினத்துக்குப் புல்லரித்தது. 'விவசாயி எப்போதும் லாபத்தையே முதலில் கருதுகிறான்' என்று புத்தகத்தில் படித்தாரே, இதோ, அவன் வாயாலேயே! நெல் அளக்கிறவன் 'ஒன்று' என்று தொடங்க மாட்டான், பெருகட்டும் என்று 'லாபம்' என்றுதான் சொல்லுவான் என்பது சந்தையில் உமி விற்கிறவளுக்கும் தெரியும். ஆனால் உமி விற்கிறவள் புத்தகம் எழுதவில்லையே.

"வீட்டுக்கும் விதைக்கும் போக மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் நல்லரத்தினம்.

களவெட்டியில் நின்றுகொண்டு எவனாவது 'இல்லை' என்பானா? அந்தச் சொல் அங்கே வாயிலிருந்து விழுந்தால் உள்ளதும் போய்விடும். ஒன்றுமில்லை என்றால் 'நிறைஞ்சிட்டு' என்பதுதான் முறை.

"நிறைஞ்சிட்டு ஐயா."

"நல்லா நிறைஞ்சிட்டோ?"

"அல்லாட காவல்... ஒரேயடியா நிறைஞ்சிட்டு." அசனாருக்குக் கண் கலங்கியது. நல்லரத்தினம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். ஒருவனுக்கே இப்படி நிறைந்தால், மற்றதெல்லாம் இருந்தபடி இருந்தால், வட்டை முழுவதும் எப்படி நிறைந்திருக்கும்! வண்டியை விட்டு இறங்காமலே பெருக்கி முடித்தார்.

அடுத்த கிழமை லொறி வந்து, 'மிச்சம்' என்று அந்த நாலு சாக்கையும் ஏற்றிக்கொண்டு போனது. அசனார் விழுந்தடித்துப் புளியந்தீவுக்கு வந்து நல்லரத்தினத்தின் வாசலில் நின்றார்.

"ஐயா, களவெட்டிக்குள்ள இல்லை எண்டு சொல்லப்படாது. இப்ப வெளியில நிண்டு சொல்றன். இல்ல ஐயா, ஒண்டுமே இல்ல. அந்த விதநெல்ல மட்டும் திருப்பித் தந்தாப் போதும்."

நல்லரத்தினம் கோபப்படவில்லை. கதிரையில் இருந்தபடி பொறுமையாக விளக்கினார். "முதல்ல சொல்றதுதான் உண்மை, அசனார். தனக்கு நட்டம் எண்டு கண்டாப் பிறகு மனுசன் மாத்திச் சொல்லுவான். நான் உங்களக் குறை சொல்லல்ல. புத்தகத்திலயே கிடக்கு."

அந்த நேரம் பீற்றிஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, அரிசிப் பானை நிறைஞ்சிட்டு."

நல்லரத்தினம் துள்ளி எழுந்தார். பையை எடுத்தார், அரிசிக் கூப்பனை எடுத்தார், சங்கக்கடை பூட்டுமுன் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில், வாசலில் நின்ற அசனாரை விலத்திக்கொண்டு ஓடினார்.

அந்த மாரிக்கு அசனார் விதைக்கவில்லை. விதைக்க என்ன இருந்தது? காணியில் புல் முளைத்தது. நல்லரத்தினத்தின் அடுத்த அறிக்கையில் அதற்கும் காரணம் இருந்தது: 'சென்ற போகத்தின் மிகுந்த விளைச்சலால் விவசாயிகள் சோம்பலுற்றிருக்கிறார்கள்.' பாவி மனுஷன், அதையும் மனசார நம்பித்தான் எழுதினார்.

சரி, நீங்கள் எதற்குத் தலையாட்டுகிறீர்கள்? 'இந்தக் கணக்குக்காரக் கூட்டமே இப்படித்தான்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் ஆயிற்றா? எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? உங்களுக்குக் காட்டியது ஒரேயொரு நல்லரத்தினத்தை. அதுவும் ரோட்டோரமாய், நிழலில், கைக்கு வசதியாக நின்றவரை. அந்தப் பென்சிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.