மாமியாரின் மீசை

மாமியாரை விற்றுவிடுவது என்று ஆபிரகாம் முடிவு செய்தபோது சனிக்கிழமை காலை மணி எட்டு. சாப்பாட்டு மேஜையில் ஷ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி, வாய்க்குக் கொண்டுபோனார். எதிர்ச் சுவரிலிருந்து ஆரோக்கியமேரி அம்மாள் முறைத்தாள்.

அசல் ஆரோக்கியமேரி அம்மாள் பாளையங்கோட்டையில் சுகமாக இருக்கிறாள். புனே கேம்ப் வீட்டுச் சுவரில் இருப்பது படம். ஆபிரகாமின் மனைவி ஸ்டெல்லாவுக்கு கிறிஸ்டோபர் என்று ஒரு தம்பி. அவன் செய்த கைங்கரியம். காசார்வாடியில் தகரக் கொட்டகை பிடித்து, செம்புத் தகட்டில் முகத்தைக் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுக்கிறான். எட்சிங்காம். வெளியாளை உட்கார வைத்தால் கூலி கேட்பான் என்று குடும்பத்தையே ஒவ்வொருவராக உட்கார வைத்தான்.

"என்னங்க, சர்க்கரை இருநூத்திப் பத்து இருக்கு. அம்மா பாக்காங்க, வைங்க அதை!" என்று சமையலறையிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள்.

"உங்கம்மா மேலுதட்டை முதல்ல பாரு. மீசை! என்னுதைவிட நல்லா முறுக்கிக்கிட்டு நிக்குது."

"ஒரு வருஷமா இதே பேச்சு. உங்களுக்கே அலுக்கலியா?"

அலுக்கவில்லை. உற்றுப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு மீசை, மங்கலாக, புகை மாதிரி தெரிந்தது. அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

அநியாயம் இதோடு நின்றதா? ஆபிரகாமையும் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துத்தான் கீறினான் மச்சினன். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையாமல் இருந்தார் மனிதர். அந்தப் படம் எங்கே? வாஷிங் மெஷினுக்கு மேலே! கட்கி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் போர்மேனாக இருந்து நாற்பது பேரை நடுங்க வைத்த முகம், தினமும் ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. கேட்பாரில்லை. மாமியாரை இறக்கிவிட்டு ஹாலில் தான் ஏறாவிட்டால், தான் ஆபிரகாமே இல்லை என்று சபதம் செய்தார்.

வழியும் இருந்தது. பாணேரில் பானு என்று ஒரு பெண், ஐ.டி.காரி, இந்த மாதிரிப் படங்களைத் தேடிச் சேர்ப்பவள். "அந்தப் பாட்டி படம் கிடைக்குமா அங்கிள்?" என்று இரண்டு நாள் முன்பு அவருக்கே போன் செய்திருந்தாள்.

பத்து மணிக்கு ஸ்டெல்லா கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் புறப்பட்டாள். பத்தேகாலுக்கு ஆரோக்கியமேரி அம்மாள் பெட்ஷீட்டுக்குள் இருந்தாள். அவள் தொங்கிய ஆணியில் ஆபிரகாம் படம் ஏறிவிட்டது. பத்தரைக்கு ரிக்‌ஷா. பாணேரில் லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியையும் முட்டிவலியை மறந்து ஏறினார்.

பானு பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். ஆபிரகாம் நைசாகக் கட்டைவிரலை மீசைமேல் வைத்தார்.

"விரலை எடுங்க அங்கிள்."

"அது வந்தும்மா... மை தெறிச்சிருக்கு. துடைச்சா போயிரும்."

"ஐயோ, துடைச்சிராதீங்க! இந்த மீசைக்காகத்தானே வாங்குறேன். இந்த மாதிரி இருந்தாத்தான் மதிப்பே." போனில் தட்டினாள். "பணம் அனுப்பிட்டேன்."

யாருக்கு அனுப்பினாள் என்று ஆபிரகாம் கேட்கவில்லை. பணம் யாரிடம் போனால் என்ன, மாமியார் போனாளே! திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் காலி டப்பாவைப் பற்றி, அதாவது காலியாகப் போகும் ஷ்ரீகண்ட் டப்பாவைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தார்.

சுவரில் ஆரோக்கியமேரி அம்மாள். அதே முறைப்பு. அதே மீசை. வேறு ரிக்‌ஷா பிடித்து முன்னாலேயே வந்துவிட்டாளா என்று ஒரு கணம் நிஜமாகவே சந்தேகப்பட்டார்.

ஸ்டெல்லா மேஜையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா? பணம் என் போனுக்கு வந்துருச்சு."

"இது... இது யாரு?"

"அம்மாதான். கீழ பென்சில்ல எழுதிருக்கு பாருங்க, பத்துல மூணு. நீங்க தூக்கிட்டுப் போனது பத்துல ரெண்டு. ஒரு தகட்டுல பத்துப் படம் எடுக்கான் தம்பி. மிச்சமெல்லாம் பீரோவுல இருக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பானுவுக்கு உங்க நம்பரைக் குடுத்ததே நான்தான. கொண்டுபோய்க் குடுங்கன்னா முட்டிவலின்னு படுத்துக்கிடுவீங்க. திருட்டுத்தனமாப் போனா மூணு மாடிகூட ஏறுதீங்க."

ஆபிரகாமுக்கு உச்சந்தலை கொதித்தது. வாஷிங் மெஷின் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் முகம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"இது வீடா, என்ன இது? உங்கம்மாவுக்குப் பத்து, எனக்கு ஒண்ணா? உன் தம்பிக்கு இப்பமே போனைப் போடு. என் தகட்டுலயும் பத்துப் படம் எடுக்கச் சொல்லு! ஹால்ல ஒண்ணு, பெட்ரூம்ல ஒண்ணு, பாளையங்கோட்டைக்கு ரெண்டு பார்சல்!"

"அது முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"செம்பு விக்கிற விலையில புதுத் தகட்டுக்கு எங்க போவான்? உங்களை ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு, மூஞ்சியைச் சுரண்டி அழிச்சிட்டு, அதே தகட்டுலதான் அம்மாவைக் கீறினான்."

ஆபிரகாம் மெல்ல, மிக மெல்ல, சுவர்ப் பக்கம் திரும்பினார்.

ஸ்டெல்லா ஷ்ரீகண்ட் டப்பாவை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடினாள். "எல்லாம் அழிஞ்சிருச்சாம். மீசை மட்டும் எவ்வளவு தேய்ச்சும் போகலியாம். ஒரு வருஷமா நீங்க கேலி பண்ணுதது உங்க மீசையத்தாங்க."