இடது கன்னம் மினரல், வலது கன்னம் சாதா

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒரு சந்தேகத்துக்காக அவர் அளவுக்கு உண்மையாக உழைத்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு பாத்தி சார்' என்றுதான் பெயர். புது உரம் வந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி கட்டி, ஒன்றில் உரம் போட்டு, ஒன்றைச் சும்மா விட்டு, அறுவடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். நாங்களெல்லாம் அதை வயலோடு நிறுத்திக்கொள்வோம். அவர் வலது காலில் தோல் செருப்பும் இடது காலில் ரப்பர் செருப்பும் மாட்டிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தவர்.

ஒரத்தநாடு பக்கம் அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில், வெயில் பட்டால் முகம் தடித்துச் சிவந்து எரிய ஆரம்பித்தது. தஞ்சாவூர் தோல் டாக்டர் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார். கடையில் கேட்டு ஒரு சாதா சன்ஸ்கிரீன் வாங்கினேன். அது வேர்வையோடு கண்ணில் இறங்கியது. வரப்பில் நின்று யூரியாவைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். நடவு நட்டுக்கொண்டிருந்த செல்லம்மா அக்கா நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா அழுவுற? வீட்ல எதாச்சும் பிரச்சனையா?" என்றது.

டாக்டர் மினரல் சன்ஸ்கிரீனுக்கு மாற்றினார். ஜிங்க் கலந்தது, தோலுக்கு மேலேயே நின்று வெயிலைத் தடுக்கும், கண் எரியாது என்றார். எரியவில்லைதான். ஆனால் என் கறுத்த முகம், சுண்ணாம்பு அடித்துப் பாதியில் விட்ட சுவர் மாதிரி ஆகிவிட்டது. ஊரே சிரித்தது.

அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டு என்னைப் படிக்கவைத்துக் கிடைத்த வேலை இது. அவள் ஒருநாளும் எதையும் பூசிக்கொண்டு வயலில் இறங்கியதில்லை. அவளிடம் போய் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? அவளிடம் சொல்லாமலே ராஜினாமா கடிதம் எழுதி, மேலே அனுப்பச் சொல்லி ரெண்டு பாத்தி சாரிடம் கொடுத்தேன். அவர்தான் எனக்கு அதிகாரி.

"அந்த மினரல் நல்லதா, கெட்டதா?" என்றார் படித்துவிட்டு.

"தெரியல சார். ரெண்டு மாதிரியும் இருக்கு."

"தெரியாம எப்படிம்மா முடிவெடுப்ப? ஜிங்க்தானே, நெல்லுக்கே போடச் சொல்ற ஆளுங்க நாம. ஒரு போகம் பொறு. பாத்துட்டு சொல்றேன்."

கடிதம் மேஜை டிராயருக்குள் போனது. மறுநாள் இடது கன்னத்தில் மினரலும் வலது கன்னத்தில் சாதாவும் பூசிக்கொண்டு வந்து நின்றார். மூக்குதான் வரப்பு. நெற்றி, எதுவும் போடாத பாத்தி. அதில் வழக்கம்போல் திருநீறு பூசியிருந்ததால் அந்தப் பாத்தி முதல் நாளே கெட்டுப்போனது. முகத்தைக் காட்டி வருகை பதியும் செல்போன் செயலி அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. கிளார்க் அலுத்துப்போய், "சார், ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தரா வாங்க" என்றார்.

நன்மை, தீமை என்று நோட்டில் கோடு போட்டு எழுதினார். கண் எரியாதது நன்மை. சட்டைக் காலரும் துண்டும் வெள்ளையாவது தீமை. வேர்வையில் வழிந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருப்பது தீமை. 'பூசியது வெளியே தெரிகிறது' என்பதை மட்டும் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார்.

"எங்க விட்டுப்போச்சுன்னு நமக்குத் தெரியுது, அது நல்லது. பூசியிருக்கோம்னு ஊருக்கும் தெரியுதே!"

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கன்னமும் ஒரே கறுப்பு. மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம்தான் கண்டுபிடித்தார். காலையில் தெற்கே வயலுக்குப் போகும்போது வெயில் இடது பக்கம். சாயங்காலம் வடக்கே திரும்பும்போதும் இடது பக்கம்தான். வலது கன்னம் ஒரு மாதமாக நிழலில் சுகமாக இருந்திருக்கிறது.

"இது அநியாயம்மா. நாளையிலேருந்து உன் ஸ்கூட்டர்ல போவோம். நான் பின்னாடி திரும்பி உக்காந்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தப் போகம் முழுக்க, காலையில் நான் தெற்கே பார்த்து ஓட்ட, அவர் என் முதுகில் முதுகைச் சாய்த்து வடக்கே பார்த்தபடி வந்தார். பின்னால் வந்த பஸ் டிரைவர்களுக்குக் கும்பிடு வேறு. அந்தக் கோலத்தைப் பார்த்த ஊர், என் முகத்தை மறந்தே போனது. அவரை ஏற்றிப்போக வேண்டுமே என்று நானும் தினமும் பூசிக்கொண்டு, துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எரிச்சல் குறைந்தது. ஒருநாள் செல்லம்மா அக்காவே, "இன்னிக்கு பூசலியா? மொகம் ஒரு மாதிரி இருக்கே" என்றது. அறுவடையில் அவருடைய இரண்டு கன்னமும் மறுபடி ஒரே கறுப்பு.

போன மாதம் ஓய்வு பெற்றார். டிராயரைக் காலி செய்யும்போது என் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஓரத்தில் அவர் கையெழுத்தில் 'முடிவு நிலுவை' என்று இருந்தது.

"சார், இத இன்னுமா டிராயர்லயே வெச்சிருக்கீங்க? ஏழு வருஷம் ஆச்சு!"

"முடிவு வராம எப்படிம்மா அனுப்பறது? இன்னும் ஒரு போகம் பாப்போம். நீ பாட்டுக்கு வேலைக்கு வந்துகிட்டு இரு."

மினரல் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் காலையில் இடது கன்னத்தில்தான் முதலில் பூசுகிறேன். பெற்ற அம்மாவுக்கு அப்புறம், எனக்காக இத்தனை வெயில் பட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.