மோடத்துக்குச் சந்தனக் காப்பு

கோப்புகளின் கோமானும், குறிப்பெழுதிக் குறிப்பெழுதியே எண்ணற்ற பேனாக்களின் உயிர் குடித்த தீரனும், மத்திய சர்க்காரின் பெருந்துறை ஒன்றில் சிறுபிரிவு ஒன்றை நடுங்க வைக்கும் அதிகாரியும், கோல் மார்க்கெட் சர்க்கார் குடியிருப்பின் இரண்டாம் மாடியை ஆளும் அரசரும், தன்மேல் தவறென்று ஒன்று இந்நிலவுலகில் இதுவரை விழுந்ததேயில்லை என்னும் தனிப்பெரும் புகழ் படைத்தவரும் ஆகிய ரங்கராஜனை வணங்கி இக்கதையைத் தொடங்குகிறோம். கலைமகளே, எழுந்தருளி நாவில் அமர்ந்து துணை செய்வாயாக. நீ வருகிற வழியை அடைத்தவரே இவர்தான் என்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விடாதே. இவர் சுபாவம் அது.

அமைச்சர்களும் குரங்குகளும் அக்கம்பக்கமாக வாழும் டெல்லி மாநகரின் நடுவே, மந்திர் மார்க் வேப்பமரங்களின் நிழலில், சுண்ணாம்பு உதிரும் சுவர்களோடு நின்றது அக்குடியிருப்பு. அங்கேதான், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் கோடையில், தவம் கிடந்தாலும் பெறற்கரிய வரமென பிராட்பேண்ட் இணைப்பு வந்திறங்கியது. விளக்குகள் வரிசையாய்ப் பூண்ட கருமேனி மோடம், டெலிபோன் கம்பியைத் தன் பின்வாயில் கவ்வியபடி, கம்ப்யூட்டர் மேசையில் கொலுவீற்றிருந்தது. 'லிங்க்' என்ற பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு உண்டு, சிமிட்டினால் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ரங்கராஜன் தன்னை இஞ்சினியர் என்றே நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவி வத்சலாவுக்கு அந்த விளக்கைப் பற்றி அக்கறை இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே கவலை. மன்னார்குடியில் அவள் தங்கை சுந்தரவல்லிக்கு, எத்தனையோ ஜாதகங்கள் வந்து வந்து திரும்பிய பிறகு, தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த நாட்களில் தெற்கே போகும் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று மாதம் முன்னதாக ஒரு காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும், காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். தான் விடியற்காலையிலேயே போய் ஸ்டேஷன் கவுண்டரில் நின்றுவிடுவதாகச் சொன்னாள். அந்த ஒரு கல்யாணத்தை அவள் விடுவதாக இல்லை.

கேட்டார் ரங்கராஜன். கிளர்ந்தார். நவராத்திரி கொலுவுக்கு வந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த கோல் மார்க்கெட் தமிழர் அனைவரும் மெல்லுவதை நிறுத்தும்படி வலக்கை ஓங்கி வஞ்சினம் மொழிந்தார்: "வரிசையில் நிற்றல் வலியற்றோர் வழக்கம். கம்பி வழியே வையம் ஆளும் இக்காலத்தே, என் இல்லத்தார் எவரேனும் ஒரு டிக்கெட்டின் பொருட்டுத் தெருவில் கால்கடுக்க நிற்பாராயின், என் மோடம் ஒளி இழப்பதாக. என் மௌஸ் உருளாது ஒழிவதாக." காவியத்துக்காக இப்படி எழுதுகிறோம். உண்மையில் அவர் வாயில் வந்தது, "க்யூல நிக்கறவா எல்லாம் முட்டாள். நான் ஆத்துலேந்தே போட்டுக் காட்டறேன்" என்பதுதான். வருஷா வருஷம் க்யூவில் நின்றே ஊர் போய் வந்துகொண்டிருந்த விருந்தினர்கள், சுண்டலில் உப்பு சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்து வந்தது சரஸ்வதி பூஜை. படிக்கிற பொருளும் பிழைக்கிற கருவியும் பூஜையில் அமர்கிற திருநாள். புத்தகங்கள் அமர்ந்தன, மகள் ஹம்சாவின் பத்தாம் வகுப்புக் கைடுகள் அமர்ந்தன, நடுநாயகமாக, கம்பி கழற்றி ஈரத்துணியால் துடைத்து மணைப்பலகையில் வைக்கப்பட்ட மோடமும் அமர்ந்தது. அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு ஏந்தி வந்தார் ரங்கராஜன். மற்றவர்கள் ஒரு பொட்டோடு நிறுத்துவார்கள். வள்ளல்கள் அளந்து கொடுப்பதில்லை. நெற்றியென்று தான் கருதிய இடத்தில் ஒன்று, தோளென்று கருதிய இடங்களில் இரண்டு, விளக்குக்கு ஒன்று என்று வாரி வழங்கிய அந்தக் கை, மோடத்தைத் திருப்பி, டெலிபோன் கம்பி நுழையும் துவாரத்தைக் கண்டு, சுண்டைக்காய் அளவு சந்தனத்தை எடுத்து உள்ளே அழுத்தி அப்பி, மேலே குங்குமமும் இட்டது.

"அந்த ஓட்டைல எதுக்குன்னா?" என்று கேட்டாள் வத்சலா.

"சரஸ்வதி வர்ற வழியே அதுதான்டீ" என்றார் அவர்.

மறுநாள் விஜயதசமி. ரங்கராஜன் மோடத்தை மேசைக்கு மீட்டெழுந்தருளச் செய்து, துவாரத்தைப் பாராமலேயே கம்பியை ஒரே குத்தாகக் குத்தினார். லிங்க் விளக்கு எரிந்தது. சிமிட்டியது. அணைந்தது. மறுபடி எரிந்தது. இனி வரப்போகும் பெரும்போருக்கு முதல் முரசு அப்படித்தான் முழங்கிற்று.

வத்சலா அன்றைக்கே சொன்னாள். "அந்தச் சந்தனத்தை ஒரு தரம் துடைச்சுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாமி காரியத்தைக் குற்றம் சொல்லக்கூடாதென்று அவளை அடக்கினார். தான் செய்த எதிலும் பிழை காணும் வழக்கம் அவர் ஆபீசில் இல்லை, வீட்டில் ஏன் புதிதாகத் தொடங்க வேண்டும்? பகைவர் வெளியே இருக்க, வீட்டுக்குள் தேடுவது வீரமா?

ஆகவே தேடினார், கோல் மார்க்கெட் கொற்றவன், எட்டுத் திசையும் தேடினார். குக்கரின் விசில் மின்சாரத்தைக் கலக்குகிறது என்று தீர்ப்பளித்து, ஒரு விசிலோடு அடுப்பை அணைக்க ஆணையிட்டார். வேகாத பருப்பு சாம்பாரில் கடகடத்தது. அடுத்த வீட்டுக் கபூரின் வாஷிங் மெஷின் தன் இணைப்பை இழுத்துக்கொள்கிறதென்று கபூரிடமே போய்ச் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாக ஒரு தம்ளர் லஸ்ஸி கொடுத்து அனுப்பிவிட்டார். மகளை விசாரித்தார். "அப்பா, மைனே குச் நஹீ கியா. நான் டச்சே பண்ணலை" என்றாள் ஹம்சா, கைடிலிருந்து தலை தூக்காமல். கடைசியில் பால்கனியில் கம்பத்துக் கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடிய ஒரு குரங்கைக் கண்டார், சூத்திரதாரி கிடைத்தான் என்று துடைப்பக்கட்டை ஏந்திப் பாய்ந்தார். குரங்கு அவரைப் பார்த்தது, காயப் போட்டிருந்த அவருடைய பனியனை எடுத்துக்கொண்டு போயிற்று.

புகார் கொடுத்ததன்பேரில் லைன்மேன் வந்தான். கம்பத்தில் ஏறிப் பார்த்து, கீழே இறங்கி, பழுது வெளியே இல்லையென்றும், பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றும் இந்தியில் சொல்லி, வாசல்படியில் கால் வைத்தான். காலில் கணுக்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸ். பூஜை செய்த மோடம் இருக்கும் அறைக்குள் பூட்ஸா? "ஜூதா உதாரோ பையா" என்று வழிமறித்து நின்றார் ரங்கராஜன். கழற்றினால் மறுபடி கட்ட அரை நாளாகும் என்றான் அவன். கழற்றாமல் ஒரு அடி நகர முடியாது என்றார் இவர். தருமத்துக்கும் தோலுக்கும் அங்கே நெடும்போர் மூண்டது. "பாபுஜி, லைன் டீக் ஹை" என்று, லைனில் பழுதில்லை என்பதையே மறுபடி சொல்லிவிட்டு லைன்மேன் இறங்கிப் போனான். வென்றது தருமம். வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆனால் இந்த இருளிலும் அவர் ஓர் ஆயுதத்தைக் கண்டுபிடித்திருந்தார். சினம் மிகுந்து ஒருநாள் மேசையை ஓங்கிக் குத்தியபோது, அணைந்திருந்த லிங்க் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதிர்வில் கம்பி அரை நூல் நகர்ந்ததுதான் காரணம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். அவருக்குத் தோன்றியதோ வேறு. மோடம் தனக்கு அஞ்சுகிறது என்று முடிவுகட்டினார். ஆபீசில் குமாஸ்தாக்களும் அப்படித்தானே, மேசையைத் தட்டினால் எழுந்து நிற்கிறார்கள். அன்று முதல் அவ்வீட்டில் இணைப்பு என்பது குத்தினால் வருவதும் குத்தாவிட்டால் போவதுமாக இருந்தது.

முன்பதிவு திறக்கும் நாள் புலர்ந்தது. வத்சலா இருட்டோடு குளித்து, டிகாக்ஷன் இறக்கி வைத்து, கோயிலுக்குப் போய் வருவதாகச் சொன்னாள். "பால் தீர்ந்துடுத்து. பூத்துல போய் வாங்கிண்டு வந்துடுங்கோ" என்று வாசலில் திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாள். களம் புகும் வீரனைப் பார்த்துப் பால் வாங்கி வா என்பதா? ஹம்சாவும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிவிட, போர்க்களத்தில் அவர் தனித்து நின்றார்.

மணி எட்டு. மிச்சமிருந்த ஒரு பனியனே மார்க்கவசமாக, மூக்குக்கண்ணாடியே முகபடாமாக, மௌஸே கைவேலாக, தார்ப்பாய்ச்சிய வேட்டியோடு அமர்ந்து, பாஸ்வேர்டென்னும் முதல் மதிலைத் தாண்டி, புறப்படும் ஊர் சேரும் ஊர் என்னும் அகழிகளை நீந்தி, தேதியென்னும் கோட்டைக் கதவைத் திறந்து, இடம் உண்டு, உண்டு, இன்னும் நிறையவே உண்டு என்று திரை காட்டிய அக்கணத்தில் அகமகிழ்ந்து, ரங்கராஜன், வத்சலா, ஹம்சா என்று மூன்று பெயர்களையும் இரண்டே விரல்களால் செதுக்கி முடித்து, பணம் செலுத்தும் பொத்தானை நோக்கி அவர் அம்பு தொடுக்கையில், விளக்கு சிமிட்டியது. குத்தினார். எரிந்தது. மறுபடி முதல் மதில். மறுபடி அகழி. மறுபடி கதவு. மறுபடி சிமிட்டல். குத்தினார், எரிந்தது. மூன்றாம் முறை குத்தினார், எரியவில்லை. இரு கைகளாலும், யானை மிதித்தாற்போல, முன்னோர் பெயரையெல்லாம் நினைத்துக் குத்தினார். மேசை துள்ளியது. மோடம் குப்புற விழுந்தது.

விழுந்த மோடத்தின் பின்வாயிலிருந்து கம்பி கழன்றது. கம்பியோடு கூடவே, குங்குமம் தோய்ந்து காய்ந்த சந்தனக் கட்டி ஒன்று உதிர்ந்து, உருண்டு, கீபோர்டின் மேல் வந்து நின்றது.

ரங்கராஜன் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெட்கம் வந்ததா என்றால், வந்தது. நாற்காலி முனையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டது. அக்கம்பக்கம் பார்த்து, மனைவியின் கொண்டை ஊசியைத் தேடி எடுத்து, துவாரத்தில் மிச்சமிருந்ததைச் சுரண்டி, வாயால் ஊதி, வேட்டி நுனியால் துடைத்து, கம்பியை மெல்லச் செருகினார். லிங்க் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. கருவறைத் தூண்டாமணி விளக்கு போல அசையாமல் எரிந்தது. மறுபடி மதில் தாண்டி அகழி நீந்திக் கதவைத் திறந்தார். ரயில் நிரம்பியிருந்தது. அந்த மூன்று பெயர்களுக்கும் வெயிட்டிங் லிஸ்டின் வாலில்தான் இடம் இருந்தது, அந்த வாலும் மிக நீளம்.

சந்தனக் கட்டியைப் பால்கனி வழியே விட்டெறிந்தார். திரும்பி வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். குற்றவாளி குரங்கு. சாட்சி, காணாமற்போன பனியன்.

முற்பகலில் வத்சலா வந்தாள். கையில் பூவும் இல்லை, பிரசாதமும் இல்லை. நெற்றி வியர்த்திருந்தது. ரங்கராஜன் எழுந்து நின்று, குரங்கினத்தின் வஞ்சகத்தையும், தன் வீழ்ச்சியையும், வீழ்ச்சியிலும் தளராத தன் வீரத்தையும், கடைசியில் மோடத்தை ஒற்றை ஆளாகத் தான் குணப்படுத்திய திறத்தையும் விரித்துரைத்தார். கேட்டுக்கொண்டே அவள் மேசைமேல் கிடந்த தன் கொண்டை ஊசியைப் பார்த்தாள். அதன் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் பார்த்தாள். ஊசியைத் துடைத்துத் தலையில் செருகிக்கொண்டு, பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து மோடத்தின் பக்கத்தில் வைத்தாள். இடம் உறுதி. வத்சலா, ஹம்சா, இரண்டே பெயர்கள். அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"என் பேர்?"

"நீங்க ஆத்துலேந்தே போட்டுக் காட்டறேன்னேளே. அதான் எழுதலை" என்றாள் வத்சலா. கோபமாகச் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பால் வாங்கலையா?" என்று கேட்டாள்.

திசைகளே செவி சாய்மின். குறிப்புக்கு மறுகுறிப்பும், அதற்கு மேல்குறிப்பும் எழுதி, எந்தக் கேள்வியையும் கேட்டவன்மேலேயே திருப்பிவிடும் நாவலன், குமாஸ்தாக்களின் கூற்றுவன், குரங்கினத்தின் பகைவன், மோடத்துக்குச் சந்தனக் காப்பு சாத்திய மாபெரும் பக்தன், நிலையாக எரியும் பச்சை விளக்கின் முன்னே நெஞ்சு நிமிர்த்தி நின்று, வாய் திறந்து, அக்கேள்விக்கு அளிக்கப்போகும் மறுமொழியைக் கேண்மின்.

ரங்கராஜன் பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார்.