பாட்டில் தண்ணீர் குடித்த மீன்

எங்கள் ஏரி மீனைச் சாப்பிடலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள முறையான வழி ஒன்று இருக்கிறது. சர்க்கார் மீன்வள அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும்.

என் மகளுக்கு ஒன்றரை வயது. மீன் வாசம் வந்தாலே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் அப்பா வலை போடுகிறவர். பிடித்துவருவதை நான் கூடையில் வைத்து விற்கிறேன். கொஞ்ச நாளாக மேட்டு வயலில் பூச்சி மருந்து அடித்தால் மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பழைய பேட்டரி உருக்குகிற கொட்டகையின் ஈயக் கழிவும் ஏரிக்குத்தான் வருகிறது. பிள்ளைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. கேட்டுவிடலாம் என்று செத்த மீன் நாலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது செத்துப்போச்சேம்மா!"

"ஆமா சார். அதான் கொண்டுவந்தேன்."

"செத்ததெல்லாம் குப்பைப் பிரிவு. எங்களுது உயிரினப் பிரிவு. உயிரோட ஒண்ணு கொண்டு வா."

எனக்குச் சத்தமாகப் பேச வராது. திரும்பிவிட்டேன்.

மறுநாள், இப்பவோ அப்பவோ என்றிருந்த கெண்டை ஒன்றை ஏரித் தண்ணீரோடு வாளியில் கொண்டுபோனேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அதிகாரி பதறிப்போனார்.

"மாதிரியைச் சுத்தமான தண்ணியிலதான் வைக்கணும். விதி பன்னிரண்டு!"

உதவியாளர் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். ஆறு பாட்டில் குடிதண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி மீனை விட்டார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் போனால், மீன் புதுமாப்பிள்ளை மாதிரி வளையவந்துகொண்டிருந்தது. அதிகாரி எழுதினார்: "மேற்படி மீன் பூரண ஆரோக்கியத்துடன் காணப்படுவதால், மேற்படி ஏரியும் பூரண ஆரோக்கியத்துடன் உள்ளதெனச் சான்றளிக்கப்படுகிறது."

"மீன் இருந்தது பாட்டில் தண்ணியில இல்லையா சார்?" என்று என் கால் விரலைப் பார்த்துக் கேட்டேன்.

"பாட்டில் தண்ணி நல்ல தண்ணிதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

தலையை ஆட்டிவைத்தேன்.

மீனை மரியாதையோடு ஏரியில் விட அலுவலகத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். முதல் படம் எடுக்கும்போது நீந்தியது. இரண்டாவது படத்துக்குள் மல்லாந்துவிட்டது.

"சார், போயிடுச்சு," என்றார் உதவியாளர்.

"மூணு நாள் ஆபீஸ்ல இருந்து சொகுசு கண்டுடுச்சுய்யா. வெளி வேலை தாங்கல. 'இடமாற்றத்தால் மரணம்'னு எழுது."

சான்றின் நகல் ஒன்றை என்னிடம் நீட்டினார். வண்டியில் ஏறப்போனவரிடம் மரியாதைக்குச் சொன்னேன்: "வீட்டுக்கு ரெண்டு மீன் எடுத்துட்டுப் போங்க சார்."

அவர் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "இல்லம்மா, எங்க வீட்ல முட்டைதான்."

சான்றைக் கூடையில் கட்டினேன். மருந்து அடிக்கிற மேட்டு வயல்காரரே முதல் ஆளாக வந்து முத்திரையைத் தடவிப் பார்த்தார். "பாத்தியா, எம் மருந்து மேல அநியாயமாப் பழி போட்டாங்க!" என்று இரண்டு கிலோ வாங்கினார். கொட்டகைக்காரர் மூன்று கிலோ.

"தைரியமாச் சாப்பிடலாம்ல?" என்றார் பின்னால் நின்ற அம்மா ஒருவர். இடுப்பில் கைக்குழந்தை.

"சர்க்கார் முத்திரை இருக்கேக்கா!" என்றேன். எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியத்துக்குள் கூடை காலி. போகிற வழியில் மகளுக்கு முட்டை வாங்கிக்கொண்டேன்.