பல்செட்டுக்காரர் அழுக்காக்கிய விமானம்

கள்ளக்குறிச்சியில் மட்டுமல்ல, இந்தப் பூவுலகத்திலேயே, ஒரு பொருளைப் பார்த்துப் பார்த்துப் புத்தம் புதிதாகச் செய்து முடித்துவிட்டு, பிறகு அதைவிட இரண்டு மடங்கு சிரத்தையோடு அழுக்காக்கிய ஒரே மனிதர் எங்கள் பல்செட்டுக்காரர்தான்.

அவருக்கென்று ஒரு பெயர் நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் தபால்காரரே மாடிப்படிக்குக் கீழே நின்று, “பல்செட்டு சார், லெட்டரு!” என்றுதான் கத்துவார். ஊரிலிருந்த பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகு, மாவு, பிளாஸ்டிக் எல்லாம் வைத்துப் பல்செட் கட்டிக் கொடுப்பார். நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். அவருடைய பட்டறைக்கு அடுத்த அறையில் குடியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பல் ராவும் மெஷின் நாள் முழுக்க ‘ஙொய்ய்’ என்று அலறும். ஒரு சொத்தைப்பல்கூட இல்லாத எனக்கு மூன்று மாதம் விடாமல் பல் கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவர் கதவைத் தட்டினேன். மேசை மேல் வரிசையாக யார் யாருடைய சிரிப்போ காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில், முழங்கை நீளத்துக்கு, ஊசி மூக்கோடு ஒரு போர் விமானம் நின்றது. மிக் ரகம், நம் விமானப்படையில் பறப்பது. சென்னையில் நடைபாதைக் கடை ஒன்றில், அட்டைப்பெட்டி கிழிந்து, பாதி பாகம் தொலைந்துபோய்க் கிடந்ததை வாங்கி வந்தாராம். தொலைந்த பாகங்களையெல்லாம் பல்செட் கட்டுகிற பிளாஸ்டிக்கிலேயே வார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மூக்கு, ஒரு பக்க இறக்கை, வால் எல்லாம் இளஞ்சிவப்பு. உலகத்தில் ஈறு உள்ள ஒரே போர் விமானம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் சண்டை போட வந்ததை மறந்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் அதற்கு வெளிர் சாம்பல் பெயின்ட் அடித்து, தேசியக் கொடியின் நிறத்தில் வட்டம் வரைந்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். அலுவலகத்தில் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுவாரம் போய்ப் பார்த்தால் விமானம் முழுக்கக் கறை. வயிற்றில் எண்ணெய் வழிசல், வால் பக்கம் புகை, இறக்கையில் கீறல்.

“இன்னா சார் ஆச்சி? யார்னா தட்டி வுட்டுட்டாங்களா?” என்று பதறினேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தார். நிமிராமலே சொன்னார்: “நேத்து வரிக்கும் அது பொம்மை சார். இன்னிக்குத்தான் ப்ளேன் ஆயிக்கினு வருது. வானத்துல சுத்திக்கினே கிடக்கிறது எங்கனா பளபளன்னு இருக்குமா?”

அந்த ‘ஆயிக்கினு வருது’ இரண்டு வருடம் நீண்டது.

பல்செட்டுக்காரர் அழுக்கைப் படிக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பஸ்ஸின் முன்பக்கம் போய்ப் பலகையைப் பார்ப்பார்கள். இவர் பின்பக்கம் போய் உட்கார்ந்து சைலன்சரைப் பார்ப்பார். சேலம் போகிற பஸ் ஒன்றின் பின்னால் அவர் குத்துக்காலிட்டு, பஞ்சால் கரியை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் பிடித்துவிட்டார்.

“யோவ், இன்னாய்யா பஸ் பின்னாடி குந்திக்கினு நோண்டுற?”

“ஒண்ணியும் எடுக்கலைங்க. கரி எப்படிப் படிஞ்சிருக்குதுன்னு பார்க்கிறேன். குழாகிட்ட ஜாஸ்தி, தள்ளிப் போவப் போவக் கம்மி. பாருங்களேன், எவ்ளோ அழகு!”

கண்டக்டர் குனிந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். “உங்க ஆளா? வூட்டுக்குக் கூட்டினு போங்க” என்றார். நான் உடனே, “எனக்கு யாருன்னே தெரியாது” என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ் பக்கம் நகர்ந்தேன்.

டீக்கடையில் பால், சர்க்கரை இல்லாமல் வெறும் டிகாஷன் கேட்பார். “சக்கரையா சார்?” என்று கவலையோடு விசாரித்த டீ மாஸ்டரிடம், “எனக்கில்ல, ப்ளேனுக்கு” என்றார். இஞ்சின் சூட்டில் வால்பக்கத் தகடு பழுப்பேறியிருக்கும் என்று பத்திரிகைப் படம் ஒன்றில் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பழுப்பு டிகாஷனில்தான் வந்தது. மாஸ்டர் அதன்பிறகு அவரிடம் பேச்சுக் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டார்.

சக்கரத்துக்குச் செம்மண் வேண்டுமென்று ஒருநாள் என்னையும் கல்வராயன் மலைக்கு இழுத்துப்போனார். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ட கண்ட இடத்திலெல்லாம் மண்ணை அள்ளி, வேட்டி முனையில் சலித்து, மூன்று மருந்துக் குப்பிகளில் அடைத்தார். சாமை விதைத்துக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்.

“மண்ணு எதுக்குங்க எடுக்கிறீங்க?”

“சக்கரத்துக்குங்க.”

“எந்த வண்டிச் சக்கரத்துக்கு?”

பல்செட்டுக்காரருக்குப் பொய் வராது. “ப்ளேன் சக்கரத்துக்கு” என்றார்.

அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. “அப்ப எங்க நெலத்தை எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டார். நான் பாய்ந்து விழுந்து, பொம்மை விமானம் என்று கையால் அளவு காட்டி, அரைமணி நேரம் விளக்கினேன். அவர் ஒருவழியாகச் சமாதானமாகி, நல்ல செம்மண் எந்தச் சரிவில் இருக்கிறது என்றுகூடக் காட்டினார். ஆனால் பேச்சின் பாதியைக் கேட்ட யாரோ எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டார்கள். கீழே இறங்குகிற பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எங்களிடமே ரகசியமாகச் சொன்னார்: “விஷயம் தெரியுமா சார்? மலைமேல ஏர்போர்ட் வருதாம். ரெண்டு ஆபீசருங்க வந்து மண்ணு எடுத்துக்கினு போறாங்களாம்.”

இந்தப் பழக்கம் தொழிலிலும் புகுந்ததுதான் வினை. திருநாவலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு முழுப் பல்செட் கட்ட வேண்டியிருந்தது. எழுபது வயது முகத்தில் வெள்ளை வெளேரென்று பல் இருந்தால் நன்றாக இருக்காது என்று இவர் முடிவு செய்தார். லேசாக மஞ்சள், ஈறோரம் வெற்றிலைக் காவி, முன்பல்லில் ஒரு சின்னத் தேய்மானம் எல்லாம் கொடுத்து, தத்ரூபமாகச் செய்து அனுப்பினார். பெரியவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். பிறகு நேராக ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“ஏம்பா, புடுங்கின பல்லையே திருப்பி ஒட்டிக் குடுத்துட்டியா? புதுசுன்னு சொல்லிட்டு, என் பல்லையே என் தலையில கட்டுறியா?”

பல்செட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை. புல்லரித்துப்போய், “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டார். பெரியவர் கைத்தடியை ஓங்கிவிட்டார். பல் டாக்டரோ இனி உமக்கு வேலையே தரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். வேறு வழியில்லாமல் வெள்ளைப் பல்செட் ஒன்று கட்டிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர் வாயில் ட்யூப்லைட் எரிகிற மாதிரி சிரித்துக்கொண்டு போனார். பல்செட்டுக்காரர் மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

“செய்யத் தெரியலைன்னு திட்டினா பரவால்ல சார். ரொம்ப நல்லா செஞ்சிட்டேன்னு திட்டுறாங்க” என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைத் தேற்றத்தான் ஒரு கண்காட்சியில் விமானத்தை வைக்க நான் ஏற்பாடு செய்தேன். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம் என்ற அறிவிப்போடு கைவினைக் கண்காட்சி. மூன்றாம் எண் மேசை எங்களுக்கு. இடதுபக்கம், தண்ணீர் ஓடுகிற அணைக்கட்டு. வலதுபக்கம், தீக்குச்சியில் கட்டிய கோபுரம். நடுவில், இரண்டு வருடக் கரியும் டிகாஷனும் கல்வராயன் மண்ணும் பூசிய எங்கள் மிக்.

வருகிறவர்கள் அணையைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள், நடுவில் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். ஓர் அம்மாள் தன் கணவரிடம், “ஓட்டை ஒடசலெல்லாம் கொண்டாந்து வச்சிக்கினு” என்றது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. பல்செட்டுக்காரர் மேசை விரிப்பை நீவி விட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார். சிறப்பு விருந்தினர் வரப்போகிற பதற்றம்.

“இன்னாங்க இது? இவ்ளோ அழுக்கா வச்சிருக்கீங்க? பெரியவங்க வர்ற நேரம். ஈரத்துணி கொண்டாரச் சொல்றேன், ஒரு தொடை தொடைச்சிடுங்க. இல்லன்னா எடுத்து மேசைக்கடியில வச்சிருங்க.”

ஈரத்துணி! அந்தப் புகையும் பழுப்பும் மண்ணும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். இரண்டு வருடம் ஒரே துடைப்பில் போய்விடும். பல்செட்டுக்காரர் விமானத்துக்கு மேலே இரண்டு கையையும் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். பொறுப்பாளர் துணிக்கு ஆளனுப்பிவிட்டு அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் மைக்செட்டுக்காரர் ஒயரை இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். சின்னசேலத்துக்காரர். காக்கிப் பேன்ட், நரைத்த மீசை. “கொஞ்சம் நவுந்துக்குங்க, ப்ளக்கு பாயின்ட்டு பின்னாடி இருக்குது” என்று குனிந்தவர், குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டார். கண் விமானத்தின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

“எவன்யா இதை லீக்கோட வுட்டது?” என்று உறுமிக்கொண்டே, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்த எண்ணெய் வழிசலைத் துடைக்கக் கையை நீட்டினார்.

பாதியில் கை நின்றது. தான் துடைக்கப் போவது முழங்கை நீளப் பொம்மை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாக நிமிர்ந்தார்.

“ஏர்ஃபோர்ஸ்ல மெக்கானிக்கா இருந்தேன்” என்றார், யாரையும் பார்க்காமல். “பதினஞ்சு வருஷம் இது வயித்துக்கடியில மல்லாந்து கெடந்தவன் நான்.”

பிறகு அந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வால், இறக்கை, சக்கரம். ஒவ்வோர் இடத்திலும் தலையை ஆட்டினார். “ஒண்ணே ஒண்ணு வுட்டுட்டீங்க சார். ஏணி சாத்துற எடம். டெய்லி சாத்திச் சாத்தி இங்க பெயின்ட் தேஞ்சி தகடு தெரியும்” என்று விமானி அறைக்குக் கீழே சுண்டுவிரலால் காட்டினார்.

பல்செட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். “எந்த உசரத்துலங்க?” என்று கேட்டார்.

இதற்குள் ஈரத்துணி வந்து சேர்ந்தது. பொறுப்பாளர் அதை வாங்கவும், மைக்செட்டுக்காரர் தன் கையிலிருந்த மைக்கை ஆன் செய்யவும் சரியாக இருந்தது. மைதானத்தின் நான்கு மூலைக் குழாய் ஒலிபெருக்கியிலும் குரல் முழங்கியது:

“அனைவரும் கவனிக்கவும். மூணாம் நம்பர் மேசையில இருக்கிற ப்ளேன்ல இருக்கிறது அழுக்கு கெடையாது. அது ஆயிலு, புகை, வேலை செஞ்ச தடம். ஈரத்துணியோட நிக்கிறவரு தயவுசெஞ்சி அப்டியே பின்னால போய்டவும். கிட்ட வந்தா மைக்செட்டைக் கழட்டிக்கினு நான் ஊருக்குப் போய்டுவேன்.”

மைக் இல்லாமல் சிறப்பு விருந்தினர் எப்படிப் பேசுவார்? பொறுப்பாளர் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்னால் போனார். மைதானமே எங்கள் மேசைக்கு வந்தது. முன்பு முகம் சுளித்த அந்த அம்மாளும் வந்து, “ஆமாங்க, நெசமாவே ஓடினா மாதிரிதான் கீது” என்றார். பல்செட்டுக்காரருக்கு இதெல்லாம் கேட்கவே இல்லை. அவரும் மைக்செட்டுக்காரரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஏணித் தேய்மானம் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் பரிசு, நியாயமாகவோ அநியாயமாகவோ, அணைக்கட்டுக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர்.

சாயங்காலம் நடந்தே திரும்பினோம். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. பல்செட்டுக்காரர் யோசிக்காமல் சட்டையைக் கழற்றி விமானப் பெட்டி மேல் போர்த்திக்கொண்டு, பனியனோடு கடைத்தெரு நடுவே நடந்தார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் பலர். என் அலுவலக சூப்பிரண்டுகூட ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒதுங்கி நின்றிருந்தார்.

“யாரு இவரு, தெரிஞ்சவரா?” என்று கேட்டார்.

“என் சிநேகிதர் சார்” என்று சொல்லிவிட்டு, என் குடையை விரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை அதைப் பெட்டிக்கு மேலேதான் பிடித்துக்கொண்டு வந்தேன்.