நடுவீட்டு மரங்கொத்தி

ஒரு காட்டில், கணக்கெடுப்புப் படிவம் வந்து சேரும்வரை, யார் வீட்டில் எவ்வளவு வரும்படி என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தால் தின்றார்கள், கிடைக்காவிட்டால் தூங்கினார்கள். இந்த ஒழுங்கீனம் சிங்கராஜாவுக்குப் பொறுக்கவில்லை. கீரியைக் கணக்கெடுப்பு அதிகாரியாக அனுப்பிவைத்தார்.

ஆற்றங்கரைப் பகுதியில் மொத்தம் ஒன்பது வீடுகள். வரும்படி குறைந்தவரிலிருந்து கூடியவர் வரைக்கும் வீட்டுக்கு ஒருவரைக் கீரி வரிசையாக நிறுத்தியது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஐந்தாவதாக நின்றவன் சடையாண்டி என்கிற மரங்கொத்தி. ஊராருக்குப் பொந்து குடைந்து கொடுத்து மாதம் எழுபது நெல்லிக்காய் வாங்குகிற தச்சன்.

“நீதான் நடு. இனிமே உன் வருமானம்தான் இந்தப் பகுதியோட வருமானம்,” என்றது கீரி. “அது நூறைத் தொடாத வரைக்கும் எல்லாருக்கும் கோடையில இலவசத் தீவனம். தொட்டுட்டா இது வசதியான பகுதி. தீவனம் கிடையாது.”

வரிசையின் கடைசியில் நின்ற யானை மூக்கைச் சிந்தியது. அது கொஞ்ச நேரம் பிடிக்கிற வேலை. “எனக்கு ஆயிரமெல்லாம் எங்கீங்க வருது? ஐநூறுன்னு போட்டுக்குங்க.”

“ஐயா, நீங்க ஐயாயிரம்னு சொன்னாலும் நடு அசையாது.”

யானைக்கு அன்றுதான் கணக்குப் பாடத்தின் மேல் பக்தி பிறந்தது.

தீவனம் வந்தது. வயிற்றுக்குத் தக்க பங்கு என்று யானையே முறை வகுத்தது. அந்த முறைப்படி முக்கால்வாசி யானைக்குப் போனது, மிச்சத்தை எட்டு வீடுகள் பகிர்ந்துகொண்டன.

அடுத்த வருஷம் சடையாண்டிக்கு எண்பது. அதற்கடுத்த வருஷம் தொண்ணூறு. கீரி பாறையில் மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தது. கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. “இப்படியே போனா வர்ற வருஷம் நூறு,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

சடையாண்டிக்கு அவன் கவலை அவனுக்கு. குடியிருந்த மரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. அடுத்த மழைக்கு நிற்காது. வேறு மரம் பிடிக்க நெல்லிக்காய் வேண்டும். நல்லவேளையாகக் கிளிகள் ஒரு பெரிய வேலை கொண்டுவந்தன, பன்னிரண்டு பொந்து. அவன் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தபோது யானையும் கரடியும் நரியும் வந்து நின்றன.

“தம்பி, அந்த வேலையை எடுத்துடாதே,” என்றது யானை. “ஊரோட வயிறு உன் அலகுலதான் இருக்கு.”

“மரம் விழுந்துடுமுங்களே.”

“விழுந்தா விழட்டும்ப்பா. பொதுநலம்னு ஒண்ணு இருக்கில்ல?”

யானை அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சடையாண்டி உருகிப்போனான். கிளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஆனாலும் ஊருக்குப் பயம் விடவில்லை. இவன் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? கரடி தேனடை கொண்டுவந்து வைத்தது. நரி நாவல்பழம் கொடுத்தது. யானை கட்டுக்கட்டாய்க் கரும்பு சுமந்தது. வருஷம் முழுக்க இந்த உபசாரம் நடந்தது. சடையாண்டியின் மனைவி பவளக்கொடி கெட்டிக்காரி. தின்றது போக மீதியை விற்று, ஒரு நல்ல வேங்கை மரமாகப் பார்த்துக் குடிபோனாள்.

கீரி படிவத்தோடு வந்தது. பதினோராவது கட்டம்: பிறர் கொடுத்தது. அதைக் கேட்டதும் பவளக்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்களுக்கு ஊர்ல இருக்கிற மரியாதையை எழுதிக்குங்க,” என்று ஒவ்வொரு கரும்பாக ஒப்பித்தாள். கூட்டினால் மாதம் நூற்று முப்பத்தொன்று. அப்போதும் வரிசையில் ஐந்தாவது அவன்தான்.

யானை மூச்சிரைக்க ஓடிவந்தது. “யோவ், அது வருமானம் இல்லைய்யா! அவனை ஏழையா வெச்சிருக்க நாங்க குடுத்தது!”

“அதுக்குத் தனியாக் கட்டம் இல்லீங்க,” என்றது கீரி.

தீவனம் நின்றுபோனது. யானை நாலு நாள் வாடியிருந்துவிட்டு மலையடி மூங்கில் காட்டுக்கு நடந்தது. வரிசையின் கீழ்ப்பக்கம் நின்றவர்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. அவர்களில் ஒன்றான ஆமை, பசியோடு ஊர்ந்து ஊர்ந்து வேங்கை மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

“அண்ணே, ஒரு சந்தேகம். நாலு வருஷமா உங்களுக்குக் கீழதான் நிக்கிறேன். முப்பது நெல்லிக்காய்க்கு மேல கண்ணால பார்த்ததில்ல. நான் ஏழையாவே இருக்கணும்னு ஒருத்தர்கூட ஒரு சொட்டுத் தேன் கொண்டாரலையே, ஏண்ணே?”

சடையாண்டிக்கு வெட்கமாக இருந்தது. மீந்திருந்த கரும்புத் துண்டைக் கீழே தள்ளிவிட்டான்.

“நீதான் யாரும் கேட்காமலே இருந்துக்கிறியேப்பா,” என்றான்.

நீதி: ஏழையாகத்தான் இருந்தாக வேண்டும் என்றால், வரிசையின் நடுவில் இடம் பார்த்து இரு.